ஏசி ஃபில்டரில் குடியிருந்த எலி

ஆயுத பூஜையன்று, வண்டிக்கும் பங்கு வேண்டுமென்று பொரிகடலைப் பொட்டலம் ஒன்றைக் காரின் டேஷ்போர்டு டப்பாவில் வைத்தேன். எடுக்க மறந்தது என் தப்பு.

இரண்டு வாரம் கழித்து, அடையாறு சிக்னலில் ஏசியைக் கூட்டியதும் குப்பென்று பிண வாடை. வீசிங் தொல்லையுள்ள என் மகள் இருமத் தொடங்கினாள். கண்ணாடிகளை இறக்கிவிட்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் பறந்தேன்.

"கூலிங் காயில் போயிருக்கும் சார். டேஷ்போர்டையே கழட்டணும். ஏசி ஃபில்டர் போன மாசம்தான் புதுசு போட்டோம்" என்றார் அங்கிருந்தவர். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. நாளைக்கு வருகிறேன் என்று திரும்பிவிட்டேன்.

மயிலாப்பூர் வீட்டு வாசலில் மனைவி கேட்டாள்: "பொரிகடலை வச்ச அந்த டப்பாவைக் கழட்டிப் பாத்தீங்களா?"

"அது மெக்கானிக் வேலைடி."

"பாருங்க, கடிக்காது."

டப்பாவைக் கழற்றி, பின்னாலிருந்த ஃபில்டரை இழுத்தேன். செத்த எலி ஒன்று மடியில் விழுந்தது. நான் போட்ட அலறலில் எதிர்வீட்டு நாய் உள்ளே ஓடிவிட்டது. எலியைவிட அருவருப்பாக இருந்தது அந்த 'புது' ஃபில்டர். கார் வாங்கியதிலிருந்து யாரும் தொடாமல், கரித்துணியாகக் கறுத்துக் கிடந்தது. இந்தக் காற்றைத்தான் என் மகள் சுவாசித்திருக்கிறாள்.

புது ஃபில்டரை நானே போட்டேன். பத்து நிமிஷ வேலை. ஓரத்தில் பேனாவால் கையெழுத்தும் போட்டுவைத்தேன்.

அடுத்த சர்வீஸில், "ஃபில்டர் மாத்தியாச்சு சார்" என்றார்கள். அங்கேயே கழற்றிக் காட்டினேன். என் கையெழுத்து அப்படியே இருந்தது.

இப்போதெல்லாம் ஃபில்டர் மாற்றுவது நான்தான். கையுறை போட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு.