ஆட்டு மாத்திரையை நான் வென்ற கதை

பள்ளிக்கூட நாடகத்தில் எனக்குக் கிடைத்த வேடம் மாத்திரை. நான் கேட்டது கொசு வேடம். கொசுவுக்குக் குடைத்துணியில் இறக்கை, சேமியா ஐஸ் குச்சியில் மூக்கு, மேடை முழுக்கப் பறக்கலாம். ஆனால் கொசு என்றால் ஒல்லியாக இருக்க வேண்டுமாம். டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ பாராசிட்டமால்" என்று முடித்துவிட்டார். எட்டு வயதில் நான் அவ்வளவு உருண்டை.

அந்த வருஷம் எங்கள் புதூர்ப் பக்கம் டெங்குப் பயம். மழையே பார்க்காத ஊரில் கொசு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். மழை இல்லாததால்தான் வந்தது. குழாயில் தண்ணீர் எப்போதாவதுதான் வரும். வந்த அன்றைக்கு டிரம், அண்டா, குடம் என்று வீட்டில் வாயுள்ளது எல்லாவற்றிலும் பிடித்து வைத்துவிடுவோம். நாங்கள் அருந்தாமல் சேர்த்த தண்ணீரில் கொசு குடும்பம் நடத்தியது. அதனால்தான் நாடகம்.

அப்பா வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸிலிருந்து பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டு வந்தார். முன்னால் ஒரு வட்டம், முதுகில் ஒரு வட்டம், தோளில் சணல் கயிறு. வெள்ளை பெயிண்டுக்குப் பதில் சுண்ணாம்பு அடித்தோம். காய வைத்த இடத்தில் எங்கள் கறுப்பு வெள்ளாடு வந்து விளிம்பில் ஒரு கடி கடித்துவிட்டது. ஆக, பாதி கரைந்த மாத்திரையாகத்தான் நான் மேடை ஏறினேன்.

கதை எளிது. நோயாளி படுத்துக்கொண்டு, "மேலெல்லாம் அடித்துப் போட்டாற்போல் இருக்கிறதே, கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறதே" என்று புலம்புவான். உடனே வலி மாத்திரைகளாக வேடமிட்ட மூன்று பையன்கள் மஞ்சளும் சிவப்புமாக ஓடிவந்து, "வலிக்கு நான், வீக்கத்துக்கு நான்" என்று அவனைச் சூழ்வார்கள். அப்போது நான் நுழைந்து கையை நீட்டி, "டெங்கு சந்தேகம் இருந்தால் நான் மட்டும் போதும். வலி மாத்திரைகளே, வெளியே போங்கள்" என்று கர்ஜிக்க வேண்டும். அவர்கள் தலை குனிந்து போவார்கள். கைதட்டல்.

நுழைந்தேன். கையையும் நீட்டினேன். தொங்கிய சணல் கயிற்று நுனியில் கால் மாட்டியது. மேடையிலிருந்து உருண்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பஞ்சாயத்துத் தலைவரின் காலடியில் போய் நின்றேன். வசனம் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது. மறுநாளிலிருந்து ஊருக்கே என் பெயர் மாத்திரை. "ஏட்டி மாத்திரை, தலை வலிக்குது, இங்கன வந்து நில்லு" என்று டீக்கடையில் கூப்பிடுவார்கள்.

சொல்லாமல் விட்ட அந்த வசனம் என்னைத் தூங்கவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டுக்கொட்டடிக்குள் பக்கவாட்டாக நுழைந்து ஆடுகளிடம் சொல்லிக் காட்டுவேன். அசைபோட்டுக்கொண்டே கேட்கும். சிரிக்காத ரசிகர்கள் எனக்கு அங்கேதான் இருந்தார்கள்.

அப்படி ஒரு ஞாயிறன்று மாமா கொட்டடிக்குள் குனிந்து நுழைந்தார். அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார், எங்கள் ஆடுகளுக்கு அவர்தான் டாக்டர். ஆட்டுக்குக் காய்ச்சலோ கால் வீக்கமோ வந்தால், கால்நடை ஆஸ்பத்திரியில் வாங்கி வைத்த வலி மாத்திரையை உடைத்து, வெல்லத்துக்குள் பொதிந்து, வாயின் ஓரத்தில் விரலை விட்டு உள்ளே தள்ளுவார். ஒரு மாத்திரை என் கட்டைவிரல் நீளம் இருக்கும்.

அன்றைக்குக் கூரை இடுக்கிலிருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே கடைசி மாத்திரை. கையில் வெல்லமும் இருந்தது. ஆனால் எந்த ஆட்டையும் பிடிக்கவில்லை.

"எந்த ஆட்டுக்கு மாமா?"

"மாமங்கிற ஆட்டுக்கு. அம்மாட்ட சொல்லிராத."

அடுத்த வாரம் அவருக்கு எட்டயபுரத்தில் நிச்சயதார்த்தம். பெண் வீட்டில் ஒரு சாவு விழுந்து ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போனது. காய்ச்சல் என்று தெரிந்தால் அம்மா மறுபடியும் தள்ளிவைத்துவிடுவாள். நோஞ்சான் மாப்பிள்ளை என்று அந்தப் பக்கம் பேச்சு வரும். மூன்று நாளாக யாருக்கும் தெரியாமல் மறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

"பெரிய கிடாய்க்கு அரை மாத்திரை குடுக்கோம். நான் ரெண்டு கிடா கனம் இருப்பேம்லா? முழுசாப் போட்டா ஒரே அமுக்கா அமுக்கிரும். கணக்கு சரிதானட்டி?"

கணக்கில் நான் எப்போதும் பின்வரிசை. எனக்கு அது சரியாகத்தான் பட்டது. நல்லவேளை, மாமா அதோடு நிறுத்தவில்லை.

"மேலெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குட்டி. கண்ணுக்குப் பின்னால தெறிச்சு வலிக்குது."

எனக்கு ரோமம் சிலிர்த்தது. நோயாளியின் வசனம். வார்த்தைக்கு வார்த்தை. அடுத்தது நான்தான் நுழைய வேண்டும்.

நுழைந்தேன். கையை நீட்டினேன். இந்தத் தடவை கால் தடுக்கவில்லை. "டெங்கு சந்தேகம் இருந்தால் நான் மட்டும் போதும். வலி மாத்திரையே, வெளியே போ" என்று கொட்டடி அதிரச் சொன்னேன். வில்லன் தலை குனிந்து போவான் என்று காத்திருந்தேன். அது மாமாவின் உள்ளங்கையிலேயே இருந்தது. நடிக்கத் தெரியாதவர்களோடு மேடையேறினால் நாம்தான் சமாளிக்க வேண்டும். சட்டென்று பறித்து வாசல் வழியாக வீசினேன். முந்தின நாள்தான் அபூர்வமாக ஒரு மழை பெய்து வெளியே கரிசல் சேறாகக் கிடந்தது. எங்கள் கரிசல் ஒன்றை விழுங்கினால் திருப்பித் தராது.

"ஏட்டி, கடைசி மாத்திரைட்டி அது" என்று மாமா எழுந்தார். நான் ஓடினேன். கொட்டடியின் வாசல் ஆடு நுழையும் அளவு. என் அட்டை அதைவிட அகலம். பாய்ந்த வேகத்தில் சரியாக நிலையில் செருகிக்கொண்டேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. மாமாவால் வெளியே போகவும் முடியவில்லை.

"நகரு மாத்திரை. கடையிலயாவது போய் நாலு வலி மாத்திர வாங்கிட்டு வாரேன்."

"நகர முடியல மாமா. சிக்கிக்கிட்டேன்."

அவர் சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்தில் நின்ற ஆட்டின் மேல் தலையைச் சாய்த்துவிட்டார். நான் அம்மாவைக் கூப்பிட்டு அலறினேன்.

அம்மா ஓடி வந்து முதலில் என்னை நிலையிலிருந்து பிடுங்கினாள். பிறகு தம்பியின் நெற்றியைத் தொட்டாள். "ஏலே, அடுப்பா கொதிக்குதேலே. எத்தன நாளா இப்படி?" என்றாள். பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் லோடு ஆட்டோவில் கோவில்பட்டிக்குக் கிளம்பினோம். சணல் முடிச்சு இறுகிப்போனதால் நானும் மாத்திரையாகவே ஏறினேன். ஆட்டு மாத்திரைக் கதையை வழியிலேயே அம்மாவிடம் ஒப்பித்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா என்னைப் பார்த்து, "இது எந்த கம்பெனி?" என்றார்.

ரத்தம் எடுத்தார்கள். டெங்குதான். மாமா சில நாள் கையில் ஏற்றிய பாட்டில் தண்ணீரோடு படுத்துக் கிடந்து எழுந்தார். நிச்சயதார்த்தம் தள்ளித்தான் போனது. ஆனால் பெண் வீட்டார் இளநீர்க் குலையோடு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்கள். மாமா பயந்ததுபோல் யாரும் எதுவும் பேசவில்லை, கொட்டடிக் கதையை நான் சொல்லக் கேட்ட வருங்கால அத்தை மட்டும், "ரெண்டு கிடா கனமா இவிய?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்.

தை மாதம் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் மாமா மைக்செட்காரரிடம் ஏதோ சொன்னார். "மாப்பிள்ளையின் மாத்திரை மேடைக்கு வரவும்" என்று மண்டபம் முழுக்க ஒலித்தது. பட்டுப்பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். மைக்கைப் பிடித்து, கையை நீட்டி, அந்த வசனத்தை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். கைதட்டல் மேற்கூரையில் போய் இடித்தது. முன்வரிசையில் இருந்த பஞ்சாயத்துத் தலைவர் மட்டும் காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார். கொசுவாக நடித்தவள் மூலையில் நின்று ஜிகர்தண்டா குடித்துக்கொண்டிருந்தாள். அவளை யாருமே பார்க்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

அந்த ஆஸ்பத்திரியில் இன்னொன்றும் நடந்தது. ரத்த ரிசல்ட்டைப் பார்த்த டாக்டரம்மா அம்மாவிடம் திரும்பி, "உடம்பு வலிக்கு என்ன மாத்திரை குடுத்தீங்க? உண்மையச் சொல்லுங்க. வலி மாத்திரை போட்டிருந்தா உள்ளுக்குள்ள ரத்தம் கசிய ஆரம்பிச்சிருக்கும்" என்றார்.

அம்மா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கட்டிலில் கிடந்த தம்பியைப் பார்த்தாள், பிறகு என் மேல் தொங்கிய சுண்ணாம்பு அட்டையைப் பார்த்தாள். எனக்கு அந்த நிலைமை நன்றாகத் தெரியும். பாவம், வசனம் மறந்துவிட்டது.

அவள் முந்தானையை இழுத்து, மெதுவாக எடுத்துக் கொடுத்தேன்: "வலி மாத்திர எதுவும் போடலன்னு சொல்லும்மா."

"வலி மாத்திர எதுவும் போடல டாக்டரம்மா" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து, என்னை அட்டையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.

கொஞ்சம் அதிகமாகவே நடிக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.