காலி வண்டியின் உயரம்

“வண்டியத் தூக்கறது இருக்கட்டுங்க சாமி. தூக்குனதுக்கப்புறம் நீங்க எப்படி ஏறுவீங்க, ஏணி வெச்சா?”

சங்ககிரியில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை கட்டும் பட்டறைக்காரர் இப்படிக் கேட்டதும், அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் சிரித்தார்கள். நான் உயரம் குறைவு. அதற்காக நான் என்றும் கூசியதில்லை.

“ஏணிய நாங் கொண்டாந்துக்கறனுங்க. நீங்க வண்டிக்கு அடியில பாருங்க.”

அவர் குனிந்து பார்த்தார். குனிந்தபடியே, “அட, இது நம்ம கை வேலையாச்சே. அப்பா வரலீங்களா?” என்றார்.

“செத்துட்டாருங்க. இந்த வண்டிலதான்.”

பட்டறைக்காரர் எழுந்து கையைத் துணியில் துடைத்தார். முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, ஆறுதல் சொல்கிற குரலில், “இன்னும் ரெண்டு பட்டை சேத்திப் போட்டுருவோம் சாமி. உசரமும் கெடைக்கும், எவ்வளவு ஏத்துனாலும் தாங்கும்” என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியைத் திருப்பினேன். ஏன் சரி என்று சொல்லவில்லை என்பது அன்று எனக்கே தெரியாது.

எங்கள் வீடு சேந்தமங்கலத்திலிருந்து மலையடிவாரத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது. வீட்டுக்கும் எங்கள் மரவள்ளிக் காட்டுக்கும் நடுவே ஓர் ஓடை. பெரும்பாலான மாதங்களில் அதில் தண்ணீர் இருக்காது, கல்தான் இருக்கும். மலையில் மழை பெய்யும்போதெல்லாம் அது கற்களை இடம் மாற்றி வைத்துவிடும். அதைத் தாண்ட அப்பா வைத்திருந்தது முன்னும் பின்னும் பட்டை வைத்த ஒரு பழைய பிக்கப். வண்டி உட்காருகிறது என்று தோன்றியபோதெல்லாம் சங்ககிரிக்குப் போய் ஒரு பட்டை கூட்டிக்கொண்டு வருவார். இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். லாரி ஓடும் ஊர்களில் வண்டியின் எந்த நோவுக்கும் இன்னொரு பட்டைதான் மருந்து.

இறந்த அன்று அப்பா கோழி எரு ஏற்றிப் போய்க் காட்டில் கொட்டிவிட்டுத் திரும்பினார். காலி வண்டி வருவது எங்கள் வீட்டுக்கு முன்கூட்டியே தெரியும். விறைத்த பட்டைகள் மேல் பின்கதவு துள்ளி, சங்கிலி அடித்து, கடகடவென்று ஊரையே கூப்பிடும். அதைக் கேட்டுத்தான் அம்மா சோற்றை வடிப்பாள்.

“சத்தம் ஓடைக்குள்ள எறங்குச்சு சாமி. ஏறலை.” அம்மா எல்லாரிடமும் சொன்னது இவ்வளவுதான். போலீஸ் கேட்டபோதும் இதையே சொன்னாள்.

வண்டி டிரைவர் பக்கமாகக் கவிழ்ந்திருந்தது. பெரிய பள்ளம்கூட இல்லை. டன் கணக்கில் கிழங்கோடு ஏறி வந்த இடத்தில் காலி வண்டி எப்படிக் கவிழும்? ஊர் அதற்குத் தன் பதிலை வைத்திருந்தது. அந்த இடத்தில் ஏதோ நிற்கிறது என்றார்கள். டிராக்டர்காரர்கள் எங்கள் காட்டுக்கு வர மறுத்தார்கள். சித்தப்பா வாசலில் நின்றபடியே, “ரெத்தம் பாத்த வண்டி. காயலாங்கடைக்குப் போட்டுட்டுக் காட்டையும் வித்துருங்க. வாங்கற ஆள நானே பாக்கறேன்” என்றார். அம்மா தலையாட்டத் தொடங்கியிருந்தாள். கிழங்கு முற்றிக்கொண்டிருந்தது. அதைக் கொண்டுவர வழியில்லை என்றால் காடு எங்களிடம் நிற்காது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரியையும் முடித்தேன். நாமக்கல்லில் ஒரு முட்டை வியாபார அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். எனக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அலுவலகத்தில் இருக்கும்போது வெளியே ஏதாவது வண்டியின் பின்கதவு துள்ளினால் என் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றுவிடும். எப்போது அந்தச் சத்தம் அடங்கும் என்று காத்திருப்பேன். அடங்கிய பிறகுதான் பயமே வரும்.

கவிழ்ந்த வண்டியை நிமிர்த்தி, நசுங்கலைத் தட்டி நேராக்கிக் கொண்டுவந்து தகரக் கொட்டகையில் நிறுத்தியிருந்தார்கள். அம்மா அதன் பக்கம் போகமாட்டாள். ஆனால் சில மத்தியானங்களில் கைவேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்காருவாள். “என்னம்மா?” என்று கேட்டால், “ஒண்ணுமில்ல, கேட்டாப்புல இருந்துச்சு” என்பாள்.

வண்டியை உயர்த்தினால் கல்லில் அடிவயிறு தட்டாது, ஓடையைத் தாண்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சங்ககிரிக்குப் போனதும் அதற்காகத்தான். வண்டியை உயர்த்தும் பாகங்களின் தொகுப்பான லிஃப்ட் கிட் விற்கும் கடைகளைத் தேடிப் படித்தேன். கோயம்புத்தூர்க் கடைக்காரர் ஒருவர் போனில் உற்சாகமாகப் பேசினார். “நாலு இஞ்ச் போடுங்க மேடம். ரோட்ல போனா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க.”

“ரோட்டுக்கு இல்லீங்க. ஓடைக்கு.”

“ஓடைல போனாலும் திரும்பிப் பாப்பாங்க மேடம்.”

யார் பார்ப்பார்கள் என்று என் மனம் கேட்டது. போனை வைத்துவிட்டேன்.

நாலு அங்குலமா, இரண்டா என்று முடிவு செய்ய முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை வீட்டுக்குப் பின்னால் ஓட்டிப் போனேன். கிணற்று மேட்டில் ஒரு கருங்கல் கிடந்தது. வலது பின்சக்கரத்தை அதன்மேல் ஏற்றி, கைபிரேக் போட்டு, மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக்கல் வைத்துவிட்டுச் சுற்றி வந்து பார்த்தேன். இடது பின்சக்கரம் தரையில் இல்லை. நடுவே வெளிச்சம் தெரிந்தது. வண்டியின் பக்கவாட்டில் கையை வைத்துத் தள்ளினேன். அவ்வளவு பெரிய வண்டி என் ஒரு கைக்கு ஆடியது.

அம்மா எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. அப்பா இறந்தபின் முதல் முறையாக வண்டிக்கு இவ்வளவு பக்கத்தில் வந்திருந்தாள். “மூணு காலுல நிக்குது” என்றாள்.

கொட்டகைக்குப் பின்னால் பழைய செங்கல் குவிந்திருந்தது. இருவரும் அதை வண்டியில் ஏற்றினோம். வெயில் ஏறிவிட்டது. பாதிக் குவியல் ஏறியபோது பட்டைகள் முனகி வளைந்தன. தூக்கி நின்ற சக்கரம் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது.

“லோடு இருந்தா ஊனுது.”

“ஆமாம்மா.”

“காலியா வந்ததனாலதானா?”

அத்தனை பட்டைகளும் சுமைக்காகப் போட்டவை. சுமை இருந்தால் வளைந்து கொடுக்கும், சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கும். காலியாக இருந்தால் மரக்கட்டை மாதிரி விறைத்து நிற்கும். அப்பா ஒவ்வொரு பட்டையாகக் கூட்டி, வண்டியை உயரமாகவும் விறைப்பாகவும் ஆக்கிவிட்டிருந்தார்.

அம்மா செங்கல் குவியல் மேல் உட்கார்ந்தாள். “எருவப் பூராவும் கொட்டிப்போட்டு வெரசா வாங்கன்னு நாந்தான் சொல்லி உட்டேன்.”

எல்லாரும் அப்படித்தான் சொல்லி அனுப்புவார்கள்.

அதன் பிறகு எனக்கு உயரம் இரண்டாவது கேள்வி ஆகிவிட்டது. டேப்பும் ஒரு மூங்கில் குச்சியும் எடுத்துக்கொண்டு ஓடைக்கு நடந்து போனேன். பின்அச்சின் நடுவே பானை மாதிரிப் புடைத்திருக்கும் பகுதிதான் கல்லில் தட்டும். அதன் உயரத்தைக் குச்சியில் குறித்துவைத்திருந்தேன். வழியில் இருந்த கற்களைக் குச்சியோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். மேலேறும் இடத்தில் தடம் பக்கவாட்டில் சரிந்திருந்தது. அங்கே வண்டி எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் சாயும். நாலு அங்குலம் கல்லுக்கு நல்லது, அந்தச் சரிவுக்கு ஆகாது. அங்கே நின்று அளந்தபோது என் பின்னால் பின்கதவுச் சங்கிலி ஒருமுறை அடித்த சத்தம் கேட்டது. திரும்பவில்லை. குச்சியில் இருந்த குறியை மட்டும் பார்த்தேன். இரண்டு அங்குலம் போதும் என்று சத்தமாகச் சொல்லி மனதில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு அங்குல கிட் வாங்கினேன். மெல்லிய, நீளமான புதுப் பட்டைகள், அவற்றுக்கேற்ற நீளமான ஷாக் அப்சார்பர்கள், நீளமான பிரேக் குழாய். கூட்டிய பட்டைகளைக் கழற்றிவிட்டு இதைப் போட வேண்டும். சுமையைக் குறைத்துக்கொண்டு இரண்டு நடையாகப் போக வேண்டும்.

அம்மா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. “கழட்டுனா அந்தச் சத்தம் போயிருமா?”

“கொறையும்மா.”

“அதையும் எடுத்துப் போடறயா நீ?”

அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. மறுநாள் காலை நான் வண்டியைக் கிளப்பியபோது வாசலுக்கு வந்து, முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போனாள்.

பட்டறைக்காரர் கிட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “பட்டையக் கழட்டச் சொல்லி இந்தப் பட்டறைக்கு வந்த மொத ஆளு நீங்கதானுங்க. எத்தனை லோடு ஏத்துவீங்க?”

“அதைக் கேக்காதீங்க. காலியா வந்தா எப்படி வரும்னு கேளுங்க.”

அவர் மறுபடி வண்டிக்கு அடியில் குனிந்து, தான் கட்டிய பட்டைகளை விரலால் எண்ணினார். பிறகு பட்டைகளை அச்சோடு இறுக்கும் யு போல்ட்டைத் தானே கழற்ற உட்கார்ந்தார். வேறு யாரையும் தொடவிடவில்லை. என்னிடம் அதற்குமேல் கேலியும் பேசவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஏணியைப் பற்றி இன்னொரு முறை கேட்டிருக்கலாம்.

போன சனிக்கிழமை காலை காலி வண்டியோடு ஓடையில் இறங்கினேன். போகும்போது பயமில்லை. காட்டில் வண்டியைத் திருப்பிய பிறகுதான் வந்தது. சரிவில் இடது பின்சக்கரம் கல்லில் ஏறியது. வண்டி சாய்ந்தது. வானம் முன்கண்ணாடியில் ஒரு பக்கமாக நகர்ந்தது. இதைத்தான் அவர் கடைசியாகப் பார்த்திருப்பார். வலது சக்கரம் பள்ளத்துக்குள் தேடிக்கொண்டே இறங்கி, தரையைப் பிடித்தது. பின்கதவை டியூப் ரப்பரால் இறுகக் கட்டியிருந்தேன். ஆனாலும் கடகடவென்று ஒரு சத்தம் என் கூடவே கரைவரை வந்தது. நான் கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை. இறங்கிப் போ என்றும் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். கேட்டதா என்று நான் கேட்கவில்லை.

மரவள்ளியில் மேலே நிற்கும் குச்சியை வெட்டிவிட்டால் கிழங்கைச் சீக்கிரம் பிடுங்கிவிட வேண்டும். விட்டால் தளிர் கிளம்பி மாவு குறைந்துபோகும். அதனால் வண்டி நிச்சயம் என்று தெரியும்வரை யாரும் அரிவாளைத் தொடமாட்டார்கள். இன்று காலை காட்டுக்குப் போய் ஓடையோரத்துப் பாத்தி முழுவதும் வெட்டி முடித்தேன். அடுத்த நடவுக்கான விதைக்குச்சிகளைக் கட்டி வேப்பமர நிழலில் அடுக்கிவிட்டேன்.