மாப்பிள்ளை தாண்டிக் குதித்த இடம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் முதல் உலகப்போர் நடந்தது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தேன்.

என் பொண்ணு யசோதராவுக்கு வரன் வந்திருக்கிறது. பையன் பெயர் ஆனந்த். பெங்களூரில் வேலை, அங்கேயே ரூம். இவளும் எங்கள் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்திலிருந்து தினம் ட்ரெயின் ஏறி அங்கேதான் வேலைக்குப் போகிறாள். எங்கேயாவது காபி குடித்துப் பேசிப் பாருங்கள் என்றோம். இவர்களோ... ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் கேமில் ஒரே படையில் சேர்ந்து சண்டை போடுகிறார்கள்!

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். அந்தப் போர் ஒன்பதாவதில்தான் வருமாம். எனக்கு எங்கே புரியும்?

"இதுல நீ எவடி?"

"இன்னாம்மா நீ... இந்த ஸ்க்ரீன்தான் என் கண்ணு. நான் பாக்கறதைத்தான் நீ பாக்கற."

கை தெரிகிறது, துப்பாக்கி தெரிகிறது — பொண்ணைக் காணோம். ஒரே சேறு, பள்ளம், புகை. ஆனாலும் ஹெட்போனில், "இந்தப் பக்கம் வாங்க ஆனந்த்" என்று மரியாதையாகக் கூப்பிட்டாள். சரி, அமைந்துவிடும் போல என்று நினைத்தேன்.

திடீரென்று ஸ்க்ரீன் சிவந்தது.

"அடிபட்டுட்டேன்! மருந்துப் பை உங்ககிட்டதானே இருக்கு? வாங்க ஆனந்த்!"

ஓடி வந்தார். குனிவார் என்று பார்த்தால்... அவளைத் தாண்டிக் குதித்துப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஜெயித்தாச்சு என்று ஸ்க்ரீனில் கொடி வேறு ஏறியது.

யசோதரா ஹெட்போனைக் கழற்றினாள். "இந்த இடம் வேணாம்மா."

"ஏய், விளையாட்டுடி அது!"

"அவரும் அதான் சொல்றாரு. கொடியைப் புடிச்சாதான் ஜெயிப்போமாம். நான் எப்படியும் திரும்ப உயிரோட வந்துடுவேனாம்."

நியாயம்தானே? அவர் ஓடியதால்தானே ஜெயித்தார்கள்? தலை சுற்றியது. வீட்டுக்காரரைப் பார்த்தேன். மைன்ஸ் மூடும்வரை, கேஜ் என்கிற இரும்பு லிப்டில் இறங்கி அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவர்.

"கூட எறங்கினவனை உள்ள விட்டுட்டு கேஜ் ஏறுற பையன். வேணாம்னு சொல்லிடு."

"அங்க கேஜே இல்லீங்க!"

"இல்லன்னா இன்னா? ஏறிட்டான்ல."

நல்ல சம்பளம். குடி கிடையாது. பொம்மைச் சண்டையில் ஓடினார் என்று ஒரு பையனைத் தள்ளலாமா? தள்ளாமல் விட்டு, நாளைக்கு நிஜத்திலும் தாண்டிப் போய்விட்டால்? எனக்குத் தூக்கமே போச்சு.

இன்று பையனின் அம்மா போன் செய்தார். "பசங்க பேசிக்கினாங்களாமே! நாங்க எப்ப வரட்டும்?"

உங்கள் பையன் போரில் எங்கள் பொண்ணை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று எந்த வாயால் சொல்வது? பதற்றத்தில், "இல்லீங்க... ஜாதகம் பொருந்தலீங்க" என்று உளறிவிட்டேன்.

அந்த அம்மா மெதுவாக, "ஜாதகமா? ரெண்டு வீடும் பௌத்தமாச்சேம்மா... நம்மகிட்ட ஏது ஜாதகம்?"

டக்கென்று கட் பண்ணிவிட்டேன்.

இதோ, மறுபடி அடிக்கிறது... எடுக்கவா, ஓடவா?