பத்தாவது படிக்கும் பையன்

“பட்டம் வாங்குனது இதுக்குத்தானா?” என்று அப்பா ஒருமுறை கேட்டார். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். பிளாஸ்டிக் கட்டைகளைப் பொருத்திச் செய்யும் சின்னப் பொம்மை செட்டுகளைச் சொந்தச் சம்பளத்தில் வாங்கி, செய்து பார்த்து, யூடியூபில் விமர்சனம் சொல்கிறேன். இதைப் பற்றி நேரில் பேசத்தான் ஆளில்லை.

ஒரு மாலை, சென்னையிலிருந்து காஞ்சிபுரம் திரும்பும் ரயிலில் ஒரு அம்மா எதிரே உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். காதோரம் நரை, கொண்டையில் கனகாம்பரம். மடியில் டிபன் மூடியை வைத்து, அதற்குள் அதே கட்டைகளால் ஒரு குட்டிப் பூக்கடை கட்டிக்கொண்டிருந்தார். ரயில் குலுங்கும்போதெல்லாம் மூடியைக் கையால் பொத்திக்கொண்டார்.

“யாருக்குக்கா?” என்றேன்.

“எனக்குத்தாம்மா. கடையிலதான் பையனுக்குன்னு சொல்லுவேன்.”

“பையன் என்ன படிக்கிறான்?”

“எனக்கு ஏதும்மா பையன்? தனி ஆளு. கடைக்காரரு வருஷா வருஷம் கேக்குறாரு, நானும் கிளாஸ ஏத்திக்கினே வந்துட்டேன். இப்ப பத்தாவது. ‘பப்ளிக் எக்ஸாம் வருது, இனிமே பொம்ம வாங்கித் தராதீங்கம்மா’ன்றாரு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பெயிலாக்கிடுங்கக்கா.”

“ஐய, நல்லா படிக்கிற புள்ளமா” என்றார். அவர் சிரிக்கவில்லை.

வாலாஜாபாத்தில் மூடியைப் பிடித்தபடியே இறங்கிப் போனார். நான் பெயர்கூடக் கேட்கவில்லை. பிறகு அவரைப் பார்க்கவும் இல்லை.

போன வாரம் நான் வழக்கமாக வாங்கும் கடையில் ஒரே செட்டில் இரண்டு வாங்கினேன். “ரெண்டும் யாருக்குமா?” என்றார் கடைக்காரர்.

“ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு எங்க அக்காவுக்கு.”

அக்காவின் பெட்டியைப் பிரிக்காமல் தினமும் ரயிலுக்கு எடுத்துப்போகிறேன்.