மணி சாருக்குத் தானாகப் போன கால்

1. ஐந்து நிமிஷ வேலை

ஞானராஜ் அண்ணன் முதல் தடவை என் செல்ஃபோன் ரிப்பேர் கடைக்கு வந்தபோது கையில் ஃபோனும் ஒரு மெமோவும் வைத்திருந்தார். வத்திராயிருப்பில் கிளம்பி, மகாராஜபுரம், கிருஷ்ணன்கோவில் வழியாகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸின் டிரைவர் அவர். இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறார். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று பெருமையாகச் சொல்லுவார்.

"வண்டி ஓட்டும்போது ஃபோன் பேசுறேன்னு மெமோ கொடுத்துட்டாவம்மா. நான் தொடவே இல்ல. சட்டைப் பையில லாக் போட்டுத்தான் கெடக்கு. தானா மணி சாருக்குக் கால் போயிருது."

மணி சார் அந்தப் பள்ளிக்கூடத்தின் டிரான்ஸ்போர்ட் மேனேஜர். காலையில் வண்டி ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து அவருக்குக் கால் வந்திருக்கிறது. எடுத்து ஹலோ, ஹலோ என்றால் பதில் இல்லை. பஸ் இரைச்சலும் பிள்ளைகள் சத்தமும்தான் கேட்டிருக்கிறது. ஐம்பது பிள்ளைகளுக்குப் பொறுப்பான மனுஷன். வேறு என்ன நினைப்பார்?

ஃபோனில், வாயால் சொன்னதைக் கேட்டுச் செய்யும் வாய்ஸ் அசிஸ்டன்ட் ஆனில் இருந்தது. கூப்பிட்டால் விழித்துக்கொள்ளும் வசதியும் ஆனில் இருந்தது. "வண்டிக்குள்ள யாரோ பேசுனதைத் தன்னைக் கூப்பிட்டதா நெனச்சிருக்கும்ணே" என்று சொல்லி அந்த வசதியை ஆஃப் செய்து கொடுத்தேன். "இனிமே போகாது. மேனேஜர்கிட்ட தைரியமாச் சொல்லுங்க" என்று வேறு சொன்னேன்.

மூன்றாம் நாள் திரும்ப வந்தார். காக்கிச் சட்டை போட்டிருக்கவில்லை. வேலைக்குப் போகவில்லை என்று அதிலேயே தெரிந்தது.

"வண்டியில ஏற வேண்டாம்னுட்டாவ. வெள்ளிக்கிழமை கரெஸ்பாண்டன்ட் கூப்பிட்டு விசாரிக்கிறாவளாம். ராஜபாளையத்துல ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்லயும் காட்டுனேன். ஃபோன்ல ஒரு கோளாறும் இல்லன்னு எழுதியே கொடுத்துட்டாவ. அதுவும் இப்ப எனக்கு எதிராத்தான் பேசும்."

நான் சொன்ன வார்த்தையை நம்பி மேனேஜரிடம் சத்தியம் செய்திருக்கிறார். மறுநாளே ஃபோன் மறுபடி அழைத்துவிட்டது. என்னை ஒரு வார்த்தைகூட அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

2. காலி ஓட்டை

ஃபோனை என்னிடமே விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். பெஞ்சில் லாக் போட்டு வைத்து நாள் முழுக்கக் கவனித்தேன். அசையவே இல்லை. அசிஸ்டன்ட் வரவில்லை, கால் போகவில்லை. சர்வீஸ் சென்டர்காரர்கள் சும்மா எழுதிக் கொடுக்கவில்லை என்று தெரிந்தது. என் மேஜையில் அது நல்ல ஃபோன்தான்.

மறுநாள் அவரை வரச் சொல்லி, ஃபோனைச் சட்டைப் பையில் எப்படி வைப்பார் என்று வைத்துக் காட்டச் சொன்னேன். நிமிர்த்தி வைத்தார். ஹெட்செட் சொருகும் ஓட்டை அந்த மாடலில் அடிப்பக்கம். பங்குனி வெயிலில் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இன்ஜின் கொதிக்கும். வேர்வையில் சட்டை பை வரைக்கும் நனைந்துவிடும் என்றார்.

அந்த ஓட்டையை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். உள்ளே பச்சையாகக் களிம்பு. அதோடு சட்டை நூல் தூசியும் அடைந்திருந்தது. வேர்வைக்குப் பதிலாக ஒரு பஞ்சை உப்புத் தண்ணீரில் லேசாகத் தொட்டு ஓட்டை வாயில் வைத்தேன். செத்த நேரத்தில் திரையின் மேல் ஓரத்தில் ஹெட்செட் படம் வந்தது, போனது, திரும்ப வந்தது. ஒன்றும் சொருகவில்லை! அடுத்து, லாக் போட்ட திரையிலேயே அசிஸ்டன்ட் எழுந்து 'டிங்' என்று நின்றது.

விஷயம் இவ்வளவுதான். ஹெட்செட் வயரில் உள்ள பட்டனை அழுத்திப் பிடித்தாலும் அசிஸ்டன்ட் வரும். ஓட்டைக்குள் ஈரம் பட்டால், பட்டனை யாரோ அழுத்துகிறார்கள் என்று ஃபோன் ஏமாந்துவிடும். நான் முதல் நாள் அடைத்தது குரல் வழியை. இந்த வழி திறந்தே கிடந்திருக்கிறது. அந்தச் சின்ன 'டிங்' பஸ் இரைச்சலில் யார் காதில் விழும்?

ஆனால் ஏன் மணி சாருக்கு மட்டும் போகிறது? அது அப்போது பிடிபடவில்லை.

3. மணி ஆச்சு

ஓட்டையைச் சுத்தம் செய்யாமல் வியாழக்கிழமை மத்தியானம் கடையை அடைத்துவிட்டு ஞானராஜ் அண்ணனோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மணி சார் பஸ் ஷெட்டில் டயர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். நம்பவில்லை.

"ஏம்மா, நீங்க மெக்கானிக். நீங்களே செட்டப் பண்ணிக் கொண்டாந்திருக்கலாம்லா?"

"அப்ப நான் தொடல சார். நீங்களே லாக் போட்டு, உங்க சட்டைப் பையில நிமுத்தி வச்சுக்கிட்டு உங்க வேலையப் பாருங்க."

வைத்துக்கொண்டார். அவருடைய சொந்த ஃபோன் பேன்ட் பையில் இருந்தது. வெயிலில் ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். கால் மணி நேரம் ஆனது. அரை மணி நேரம் ஆனது. அவர் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. சட்டைப் பையில் இருந்த ஃபோன் சும்மாவே கிடந்தது. ஞானராஜ் அண்ணன் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த மனுஷனை இரண்டாவது தடவையும் நான்தான் கெடுக்கிறேனோ என்று தோன்றியது.

அப்போது சொர்ணம் அக்கா வந்தார். ஞானராஜ் அண்ணன் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அட்டெண்டர் அவர். நாங்கள் எதற்கு நிற்கிறோம் என்றே அவருக்குத் தெரியாது.

"சார், மணி ஆச்சு. மாத்து டிரைவரை இன்னும் காணோம். கால் பண்ணவா?"

மணி சார் பதில் சொல்ல வாயெடுத்தார். அவருடைய பேன்ட் பையில் ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். திரையில் 'ஞானராஜ் டிரைவர்' என்று இருந்தது. ஞானராஜ் அண்ணன் பத்தடி தள்ளி, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"அக்கா, தினமும் வண்டியில இப்படித்தான் சொல்லுவீகளா?" என்று கேட்டேன்.

"ஆமா, ஸ்டாப்புல பிள்ளை நிக்கலைன்னா, மணி ஆச்சு, அவுங்க அம்மாவுக்குக் கால் பண்ணுறேன்னு சொல்லுவேன். ஏன், அதுல என்ன தப்பு?"

மணி ஆச்சு, கால் பண்ணு. வேர்வை எழுப்பிவிட்ட ஃபோனுக்குப் புரிந்தது மணிக்குக் கால் பண்ணு என்பதுதான். ஞானராஜ் அண்ணன் மேனேஜர் நம்பரை வெறும் 'மணி' என்று சேவ் செய்திருந்தார்.

மணி சார் முதலில் சிரித்துவிட்டார். பிறகு முகம் மாறி, ஞானராஜ் அண்ணன் பக்கத்தில் போய் நின்றார். "தப்பா நெனச்சுட்டேன்யா. நாளைக்கு விசாரணை இல்ல. காலையில வண்டிய எடு. கரெஸ்பாண்டன்ட்கிட்ட நான் பேசிக்கிடுதேன்."

ஞானராஜ் அண்ணன் சரி சார் என்று மட்டும் சொன்னார். அந்த வேப்பமரத்துக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தார்.

4. அதற்குப் பிறகு

ஹெட்செட் ஓட்டை இருக்கும் ஜாக் போர்டையே மாற்றினேன். லாக் திரையில் அசிஸ்டன்ட் பதில் சொல்வதை நிறுத்தினேன். லாக்கில் இருக்கும்போது ஹெட்செட் வழியாக வரும் கட்டளையையும் நிறுத்தினேன். பவர் பட்டனை அமுக்கிப் பிடித்தால் அசிஸ்டன்ட் வருவதை மாற்றி, பவர் மெனு மட்டும் வரும்படி வைத்தேன். பிறகு மணி சாரே மற்ற டிரைவர்களை வரிசையாக என் கடைக்கு அனுப்பினார். எல்லா ஃபோனிலும் இதையே செய்தேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லுவேன். நம் பெஞ்சில் ஃபோன் ஒழுங்காக இருந்தால் கஸ்டமர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. அவர் அதை எங்கே வைக்கிறார், பக்கத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்பது வரைக்கும் கேட்க வேண்டும். முதல் நாளே நான் கேட்டிருந்தால் அவருக்கு அந்த நாலு நாள் வேதனை இருந்திருக்காது. அந்தக் குறை எனக்கு உண்டு. ஆனாலும் இத்தனை வருஷத்தில் நான் செய்த வேலைகளில் எது பெரிது என்று யார் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன்.

அடுத்து வந்த திங்கட்கிழமை காலை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய பஸ் கடையைத் தாண்டிப் போனது. ஹாரன் அடிக்கவில்லை. கை காட்டவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கிலேயே இருந்தன. தலையை மட்டும் ஒரு தடவை ஆட்டிவிட்டுப் போனார். எனக்கு அது போதும்.