இரண்டாவது கட்டில்

எங்கள் வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் நாங்கள் படுத்தோம். மற்றதில் என் மனைவியின் தையல் மெஷின் இருந்தது. மாத்தளை நகரத்தில், ஒரு மொத்த மிளகுக் கடையின் பின்பக்கமாக ஏறிப்போகிற ஒழுங்கையில் இருக்கும் வாடகை வீடு. மழை நாட்களில் கடைச் சாக்குகளின் வாசம் அந்தச் சின்ன அறைக்குள் வந்து தங்கிவிடும். நான் ரத்தோட்டைக்கு அப்பால், ரிவர்ஸ்டன் போகிற பாதையில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அவள் வீட்டிலிருந்தே சட்டை தைத்துக் கொடுப்பாள். கல்யாணமாகி நெடுங்காலம் பிள்ளை இல்லாமல் இருந்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக் களைத்துப்போன பிறகுதான் அவள் உண்டானாள்.

ஸ்கேன் எடுத்த அன்று கிளினிக்கில் இருந்த தாதி மிஸ்ஸி திரையைப் பார்த்துச் சிரித்தார். "நிவுன்னு," என்றார் சிங்களத்தில். இரட்டைப் பிள்ளைகள். என் மனைவி என் விரல்களைப் பிடித்து நெரித்தாள். பஸ்ஸில் வரும்போது இருவரும் ஒன்றும் பேசவில்லை. வாய் திறந்தால் சிரித்துவிடுவோம் என்று பயமாக இருந்தது.

மெஷினை வாசல்பக்க ஹோலுக்கு மாற்றினோம். அறை காலியானதும்தான் அது எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. நான் பழைய பத்திரிகைத் தாள்களைக் கட்டில் அளவுக்கும் அலுமாரி அளவுக்கும் வெட்டித் தரையில் பரப்பி, அங்கும் இங்கும் நகர்த்திப் பார்த்தேன். அவள் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, வயிற்றின் மேல் கைகளைக் கோத்துக்கொண்டு, பாதத்தால் சுட்டிக்காட்டினாள்.

"ரெண்டு பேரையும் ஒரே கட்டில்ல போடுவோம். சின்னப் புள்ளைங்கதானே. வளந்த பொறகு பாத்துக்கலாம்," என்றேன்.

"வேணாங்க. தோட்டத்துல நாங்க ஆறு பேரு ஒரே லயன் காம்பராவுல படுத்தோம். அண்ணன் முழங்கால் என் முதுகுல இடிக்கும். எனக்குன்னு ஒரு மூலை இருந்ததில்ல. என் புள்ளைங்களுக்கு ஆளுக்கொரு எடம் வேணும்."

ஆளுக்கொரு கட்டில் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் அவள் இன்னொன்றும் சொன்னாள். "பொறக்கிறதுக்கு முந்தி கட்டில் வாங்கிப் போடக் கூடாதும்பாங்க. பொறந்த பொறகு வாங்குவோமே."

"இப்ப எனக்கு ஸ்கூல் லீவு. ரெண்டு கைக்குழந்தைய வச்சிக்கிட்டு அப்ப எங்க ஓடுறது?" என்று சிரித்தேன். அவளும் விட்டுவிட்டாள்.

அவளுடைய அண்ணன் நாவுலவில் மரக்கறி வியாபாரம் செய்கிறவர். அங்கே ஒரு தளபாடப் பட்டறையில் சொல்லி, நாலு பக்கமும் மரக்கம்பி வைத்த இரண்டு சின்னக் கட்டில்களைத் தன் லொறியில் கொண்டுவந்து இறக்கினார். இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி. கூடவே உயரம் குறைந்த அலுமாரி ஒன்று, பால் கொடுக்க வசதியாகக் கைப்பிடி வைத்த அகலமான கதிரை ஒன்று.

தாளில் சரியாக இருந்தது தரையில் சரியாக வரவில்லை. கட்டில்களை அடுத்தடுத்துப் போட்டால் கதவு பாதிக்குமேல் திறக்காது. எதிரெதிராகப் போட்டால் கதிரைக்கு இடமில்லை. கதிரையை வைத்தால் அலுமாரியின் லாச்சியை ஒரு சாணுக்குமேல் இழுக்க முடியாது. மச்சான் நாவுலவுக்குப் போய்விட்டார். நான் ஒருவனே தள்ளிக்கொண்டும் தூக்கிக்கொண்டும் இருந்தேன். அலுமாரியைத் திரும்பவும் பழைய இடத்துக்கே நகர்த்தும்போது அதன் கால் என் பாதத்தில் ஏறியது. வலியில் சுவரைக் குத்திவிட்டுச் சொன்னேன்:

"சே. ஒண்ணா இருந்திருந்தா இந்தக் கரைச்சலே இல்ல."

அவள் மடியில் குட்டிச் சட்டைகளை வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்றது. பிறகு மடிப்பைச் சரிசெய்தாள். "போய்க் கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாங்க," என்றாள்.

தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கடைசியில் கட்டில்களை ஜன்னல் பக்கம் அடுத்தடுத்தே போட்டு, பாதி திறக்கிற கதவோடு சமாளிப்பது என்று முடிவு செய்தோம். நான் சொன்னதை அன்றே மறந்துபோனேன். அவளும் மறந்திருப்பாள் என்று நினைத்தேன்.

பிள்ளைகள் நாளுக்கு முன்னமே வந்துவிட்டார்கள், வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். முதலில் மகள். அவளுக்குப் பின்னால் மகன். இருவரையும் சூடு வைத்த கண்ணாடிப் பெட்டிகளில் வைத்தார்கள். மகள் கையைக் காலை உதைத்துக்கொண்டிருந்தாள். மகனுக்கு மூச்சு எடுப்பதே வேலையாக இருந்தது. டொக்டர்மார் அவனை விட்டு நகரவில்லை, செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள். என் மனைவியைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கொண்டுவந்து காட்டினார்கள். அவள் பெட்டியின் ஓட்டைக்குள் கையை விட்டு அவன் உள்ளங்காலை ஒரு விரலால் தடவினாள். மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் அவன் போய்விட்டான்.

நானும் மச்சானும்தான் அவனை அடக்கம் செய்தோம். அவளால் எழுந்து வர முடியவில்லை. குழிக்குள் இறக்கும்போது என் இரண்டு கைகளுக்கு அவன் ஒரு பாரமாகவே இல்லை. அப்போதுதான் அந்த வார்த்தை திரும்பி வந்தது. ஒண்ணா இருந்திருந்தா. யாரோ பின்னால் நின்று சொன்னதுபோலக் கேட்டது. மச்சான் என் தோளைப் பிடித்துக்கொண்டார். மகனுக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பார். பாதி அதற்காகத்தான்.

மகள் தேறி வர நாளானது. அவளையும் தாயையும் வீட்டுக்கு விடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், நான் மச்சானை லொறியோடு வரச்சொன்னேன். அந்த அறைக்குள் போய் ஒரு கட்டிலைக் கழற்ற ஆரம்பித்தேன்.

"மச்சான், தங்கச்சிய ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்வோமே," என்றார் அவர்.

"வேணாம். வந்ததும் வராததுமா இத அவ பாக்க வேணாம். தாங்க மாட்டா."

"கொண்டுபோய் எங்க வைக்கிறது?"

"யாருக்காச்சும் குடுத்துருங்க. திரும்பி மட்டும் வர வேணாம்."

அவர் பலகைகளையும் கம்பிகளையும் சாக்கில் சுற்றி லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்.

நான் மீதியை ஒழுங்குபடுத்தினேன். கட்டிலை நடுவில் இழுத்தேன். கதிரையை ஜன்னலோரம் வைத்தேன். கதவு சுவர்வரைக்கும் திறந்தது. லாச்சி முழுதாக வெளியே வந்தது. களைப்பில் கதிரையில் சாய்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தேன். அப்பாடா, இப்பத்தான் சரியா இருக்கு என்று மனம் தானாகச் சொல்லியது.

கொள்ளிக்கட்டை மேல் உட்கார்ந்ததுபோல எழுந்தேன். பிறகு நான் செய்ததை யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். கட்டிலைத் திரும்ப ஓரத்துக்குத் தள்ளி, கதிரையை அலுமாரியோடு நெருக்கி, கதவு இடிக்கும்படி ஹோலிலிருந்து ஒரு மேசையைக் கொண்டுவந்து போட்டேன். அறை பழையபடி நெருக்கமானது. அதுவும் சகிக்கவில்லை. எல்லாவற்றையும் மறுபடி வெளியே எடுத்து, வசதியாக இருந்தபடியே வைத்தேன்.

ஆட்டோவிலிருந்து இறங்கி, மகளை நெஞ்சோடு அணைத்தபடி அவள் நேரே அந்த அறைக்குத்தான் போனாள். வாசலில் நின்றாள்.

"மத்தது எங்க?"

"அண்ணன்கிட்ட குடுத்து அனுப்பிட்டேன்."

"ஏன்?"

"நீ பாத்தா அழுவேன்னு..."

"அழத்தானே வேணும்?" அவள் குரலை உயர்த்தவில்லை. "அவன் பொறந்தப்ப நான் தூக்கல. போனப்பவும் தூக்கல. மண்ணுல வைக்கயில நான் இருக்கல. அந்தக் கட்டிலையாச்சும் நான் கழட்டியிருப்பேன். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

அவளுக்காகத்தான் எடுத்தேன் என்று நான் நம்பியிருந்தேன். அவள் கேட்ட அந்த நிமிடத்தில், பார்க்க முடியாமல் போனது எனக்குத்தான் என்று தெரிந்தது. அவள் மகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் படுக்கையறைக்குப் போனாள். அதன்பிறகு அந்தச் சின்ன அறைக்குள் கால் வைக்கவில்லை. குட்டிச் சட்டை வேண்டுமென்றால் என்னை எடுத்துவரச் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் நாவுலவுக்குப் போனேன். கட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம் என்று ஒரு எண்ணம். மச்சான் தலையைச் சொறிந்தார். வில்கமுவவில் தனக்குப் பூசணி கொடுக்கிற ஒரு சிங்களக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டாராம். "நீங்கதானே திரும்பி வர வேணாம்னீங்க," என்றார். குற்றம் சொல்லும் குரலில் அல்ல. அது இன்னும் உறைத்தது.

அங்கே பஸ்ஸை நம்பிப் போக முடியாது. மச்சானின் மோட்டார் சைக்கிளில் போனோம். வயல்களுக்கு நடுவே ஒரு வீடு. முற்றத்தில் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருந்தார்கள். விறாந்தையில் எங்கள் கட்டில் நின்றது. மேலே நுளம்பு வலை. உள்ளே பூப்போட்ட துணியில் ஒரு குழந்தை, கைகளைத் தலைக்குமேல் எறிந்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டு அம்மாவுக்கு மச்சானைத் தெரியும். என்னை யாரென்று கேட்டார். கட்டில் கொடுத்தவர் என்று மச்சான் சொன்னதும், எழுந்து உள்ளே போய், பிளேன்டீயும் கருப்பட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்தார். மூத்த பிள்ளை பாயில் கிடந்தபோது பூரான் கடித்ததாம். அதனால் இந்தக் குழந்தையைக் கீழே விடவே பயமாக இருந்ததாம். உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கட்டும் என்று சிங்களத்தில் சொல்லிக் கும்பிட்டார். பிறகு, பேச்சுக்குக் கேட்பதுபோல, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்.

"எக்கெனய்," என்றேன். ஒன்றுதான்.

எவ்வளவு லேசாக வந்தது வாயில். மச்சான் முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டார். தேநீரைக் குடித்து முடித்தேன். கட்டிலைப் பற்றி ஒன்றும் கேட்காமல் எழுந்து வந்தோம்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். கட்டில் இருக்கும் இடம், அதில் தூங்கிய குழந்தை, பூரான் கடித்த கதை எல்லாம். "எடுக்க மனசு வரல," என்றேன்.

"தூங்குற புள்ளைக்குக் கீழ இருந்து யாரு கட்டில இழுப்பா," என்றாள். மகளுக்கு ஏப்பம் வருவதற்காக முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டிக்கொண்டே சொன்னாள்: "அன்னைக்கு நீங்க சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. ஒண்ணா இருந்திருந்தான்னு."

மகளின் வாயோரம் வழிந்த பாலை நான் துடைத்தேன்.

"அதனால அவன் போகல. அது எனக்குத் தெரியும். நீங்க அதையே நெனச்சு உருகுறதும் தெரியும். ஆனா எனக்கு ஞாபகம் இருக்கு. மறந்துட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன்."

அவள் மன்னித்ததாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வில்கமுவவில் நான் சொன்ன பதிலை அவளிடம் சொல்லும் துணிவு அன்று வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

பாடசாலை தொடங்கி இரண்டு மூன்று வாரம் கழித்து ஒருநாள், நான் வீட்டுக்கு வந்தபோது ஹோலில் நடக்க இடமில்லை. கட்டில், கதிரை, லாச்சிகளைத் தனித்தனியே கழற்றிய அலுமாரி, எல்லாம் அங்கே குவிந்து கிடந்தன. பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்குக் கூப்பிட்டு இழுத்தாளாம். வயிற்றுத் தையல் இன்னும் முழுதாக ஆறவில்லை. நான் ஏச வாயெடுத்தேன். அவள் அந்த அறையின் வெறும் தரையில், மகளைப் பக்கத்தில் பாயில் கிடத்திவிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தேன்.

"வாங்க. இப்படி உக்காருங்க," என்றாள்.

உட்கார்ந்தேன்.

"நீங்கதானே கழட்டினீங்க. அவன் கட்டில் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

எந்தக் கட்டில் யாருக்கு என்று நாங்கள் ஒருபோதும் பேசியிருக்கவில்லை. கைக்கு எட்டியதை நான் கழற்றினேன். அதை அவளிடம் சொல்ல முடியுமா? ஜன்னலுக்குக் கிட்ட இருந்த மூலையைக் காட்டினேன். அது உண்மைதான், அங்கிருந்ததைத்தான் கழற்றினேன். அவள் தரையில் கையூன்றி நகர்ந்து அந்த மூலைக்குப் போய், சுவரில் சாய்ந்து, முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தள்ளிப்போகச் சொல்லவில்லை. மகள் எங்களைக் கவனிக்காமல் தன் முஷ்டியைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் எழுந்தாள். "சரி. அலுமாரிய முதல்ல கொண்டாங்க," என்றாள்.

கொண்டுவந்தேன். கதவுக்குப் பின்னால் என்றாள், வைத்தேன். இல்லை, எதிர்ச் சுவரில் என்றாள், தூக்கினேன். கதிரையை மூன்று இடத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். நான் ஒரு யோசனையும் சொல்லவில்லை. இருட்டுவதற்குள் எல்லாம் அடங்கின. ஜன்னல் பக்க மூலையை மட்டும் அவள் நிரப்பவில்லை. அலுமாரி லாச்சி கதிரையில் இடித்தது. "பரவால்ல, இடிக்கட்டும்," என்றாள். "புள்ளையக் கொண்டாந்து படுக்க வைங்க."

மகளைத் தூக்கிவந்து கட்டிலில் கிடத்தினேன். அது அவளுக்கு மிகப் பெரிதாக இருந்தது. கொஞ்ச நேரம் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முதல் தடவையாகத் தன்னுடைய இடத்தில் தூங்கிப்போனாள்.