கட்டைவிரலை மறைத்த ஆரின்

காலுறையைக் கழற்றாமல் தூங்குகிறவனை நம்பக் கூடாது என்பது என் கட்சி. அதுவும் ஜூலை மாதத்தில், ஜன்னலைத் திறந்தால் அனல் முகத்தில் அடிக்கிற எங்கள் ஆல்கலி கிராசிங்கில். ஆரின் ஹால்டமன் பிற்பகல் குட்டித் தூக்கத்துக்குக்கூட கம்பளிக் காலுறையைக் கழற்ற மாட்டார். அதிலும் இரண்டு ஜோடி.

எங்கள் ஊரில் ஒரு பெட்ரோல் பங்க், மூடிப்போன ஒரு சுரங்கம், ஆட்களைவிட நாற்காலிகள் அதிகமாக இருக்கும் ஒரு சர்ச், அவ்வளவுதான். கோடையில் கிழக்கே வர்ஜீனியா கடற்கரையில் கிளம்பி மேற்கே ஓரிகன் கடற்கரை வரைக்கும் சைக்கிள் மிதிப்பவர்கள் இந்த வழியாகத்தான் போக வேண்டும். அவர்கள் படுத்துக்கொள்ள சர்ச் கூடத்தைத் திறந்துவிடுவோம். சாவி என்னிடம். ட்வைலாவிடம் கேள் என்று பங்க்கிலேயே சொல்லி அனுப்பிவிடுவார்கள். வந்தவர்களில் நல்லவர்களும் உண்டு, குளியலறைத் துண்டைச் சுருட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு. ஆகையால் நானும் யாரையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை.

ஆனால் ஆரின் முன்னால் நான் ஒன்றுமே இல்லை. ஒஹையோக்காரர். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்க கண்ணாடியில் பின்னால் இருக்கும் வாண்டுகளை வேவு பார்த்துப் பார்த்து, முன்னால் நிற்கிறவனையும் நம்பாத புத்தி வந்துவிட்டது. குழாய்த் தண்ணீரை முகர்ந்து பார்ப்பார். நான் கொடுத்த ஆம்லெட்டைக் கிளறிப் பார்ப்பார். நகம் வெட்டும் கத்தரியைக் காணோம் என்று முதல் நாளே என்னை ஒரு பார்வை பார்த்தார். கடைசியில் அது அவர் பையிலேயே இருந்தது.

இந்த நீண்ட தூரக்காரர்களில் சிலருக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு சமுத்திரத்திலிருந்து மறு சமுத்திரம் வரைக்கும் ஒரு அங்குலம்கூட விடாமல் மிதிக்க வேண்டும். நடுவில் வண்டியில் ஏறினால் போச்சு. ஏறித்தான் ஆகவேண்டும் என்றால், ஏறின இடத்துக்கே திரும்பி வந்து, அங்கிருந்து மிதிக்கலாம். யாரும் கூட வந்து பார்ப்பதில்லை. அவரவர் வாய்ச்சொல்தான் சாட்சி.

ஆரின் முதல் தடவை வந்தது ஒரு கூட்டத்தோடு. அவர் குளிக்கப் போயிருந்தபோது அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருத்தி பாத்திரம் துடைத்துக்கொண்டே எனக்கு ஒரு கதை சொன்னாள். அவர்களோடு டெல்மர் ஸ்டுக்கி என்று ஒருத்தர் கிளம்பியிருக்கிறார். ஆரினுக்குப் பல வருஷத்து நண்பர். மிசூரி மலைப்பக்கம் டெல்மர் ஒரு பண்ணைக்காரன் வண்டியில் வந்து கூடார இடத்தில் இறங்கியதை ஆரின் பார்த்துவிட்டார். கால் கட்டைவிரல் நகம் சதைக்குள் வளர்ந்து சீழ் பிடித்துவிட்டது, கடைசி இரண்டு மைல் முடியவில்லை என்றாராம் டெல்மர். "ஒரு நகத்துக்கா வண்டி ஏறுவான் ஒருத்தன்? பொய்யன்!" என்று சாப்பாட்டு வேளையில் எல்லார் முன்னாலும் கத்தியிருக்கிறார் ஆரின். மறுநாள் காலை டெல்மர் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அந்தக் கோடையிலேயே நகம் ஆரினைப் பிடித்துக்கொண்டது. எங்கள் கூடத்தோடு அவர் பயணம் நின்றது. எல்லாரிடமும் அவர் சொன்ன காரணம்: முழங்கால்.

அடுத்த வருஷம் மறுபடியும் வர்ஜீனியாவிலிருந்தே ஆரம்பித்துத் தனியாக வந்தார். அந்தத் தடவை சமையலறையில் என் பெரிய பானையைக் காணவில்லை. சந்தேகப்பட்டுக் கூடத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தால், உப்புப் போட்ட வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் மனிதர்.

"என் பானையில என்னய்யா பண்றே?"

"முழங்காலுக்கு ஒத்தடம்."

"முழங்கால் வெளியில இருக்கு. பாதம்ல பானைக்குள்ள இருக்கு?"

"சூடு மேல ஏறும்மா. உங்களுக்கு அதெல்லாம் தெரியாது."

பானைக்குள் எட்டிப் பார்த்தேன். கட்டைவிரல் தக்காளி போலச் சிவந்திருந்தது. உடனே துண்டை எடுத்து மூடிக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அதே பானையில் பீன்ஸ் குழம்பு வைக்க எனக்கு மனம் வரவில்லை, தேய்த்துத் தேய்த்துக் கை வலித்ததுதான் மிச்சம். அந்த வருஷமும் 'முழங்கால்' என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். நகம் என்று ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொன்னால் டெல்மர் சொன்னது நிஜமாகிவிடுமே!

மூன்றாவது வருஷம் நான் பக்கத்து டவுனான லேண்டருக்குச் சாமான் வாங்கப் போகும்போது, நடு வெட்டவெளியில், கம்பிவேலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு ஷூவின் முனையைக் கத்தியால் அறுத்திருந்தார், அதன் வழியாக விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மஞ்சளும் சிவப்புமாகப் பார்க்கவே சகிக்கவில்லை. நெற்றியில் கை வைத்தால் சுட்டது.

"முழங்காலா?" என்றேன்.

"ம்."

"முழங்காலுக்கு எதுக்குய்யா ஷூவை அறுத்து வச்சிருக்கே? ஏறு வண்டில."

"மாட்டேன்."

"காய்ச்சல் கொதிக்குது."

"அது வெயிலு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அப்படியே விட்டுவிட்டுப் போகலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் புரையோடிய காலோடு ஒரு மனிதனை மான்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போக முடியுமா?

"டாக்டர்கிட்ட காட்டிட்டு இதே எடத்துல கொண்டாந்து விடறேன். உங்க சட்டத்துக்கு அது சரிதானே?"

யோசித்தார். "இதே எடம்னு யார் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"அதான், நீங்க சொல்றீங்க."

கடைசியில் டயர் கழற்றும் கம்பியால் தார்ச்சாலையில் ஒரு கோடு கீறினார். நேர் எதிரே வேலியில் சிவப்புக் கைக்குட்டையைக் கட்டினார். இரண்டையும் போனில் படம் பிடித்தார். அப்படியும் நிம்மதி இல்லை.

"யாராவது நகத்தி வச்சுட்டா?"

"இந்த ரோட்டுல மான்தான்யா வரும். அதுக்கு உன்மேல என்ன பகை?"

லேண்டரில் டாக்டரம்மா விளக்கை இழுத்து வைத்து விரலைப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் எலும்புக்குப் போயிருக்கும் என்றாள்.

"நகத்தோட மூலைய இப்படி நோண்டினது யாரு?"

"நான்தான். இதையெல்லாம் இன்னொருத்தரை நம்பிக் குடுக்க முடியுமா?"

"நோண்ட நோண்டத்தான் அது உள்ள போகுது. நேரா வெட்டி விடணும். இந்த ஷூவும் உங்களுக்குச் சின்னது. நாள் பூரா மிதிச்சா பாதம் வீங்கும்னு உங்க கூட்டத்துல ஒருத்தர்கூடச் சொல்லலையா?"

கேட்டால்தானே சொல்வார்கள்! நகம் என்று யாரிடம் போய்க் கேட்பார் அவர்?

மரத்துப்போக ஊசி போட்டு, நகத்தின் ஓரத்தை ஒரு கீற்றாக உருவி எடுத்தாள். அந்தப் பக்கம் மறுபடி முளைக்காமல் இருக்க வேரில் மருந்து வைத்தாள். எடுத்த கீற்றைத் தட்டில் வைத்துக் காட்டச் சொன்னார் ஆரின். முழுசாக வந்துவிட்டதா என்று அவரே பார்க்க வேண்டுமாம். திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு சின்னதா என்றார்.

ஆறும் வரைக்கும் கூடத்திலேயே தங்கினார். வருகிற சைக்கிள்காரர்கள் எல்லாம் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். விரலில் பந்து மாதிரி கட்டு, வாயில் முழங்கால். எங்கப்பன் குதிருக்குள் இல்லை கதைதான். ஒருநாள் கிழக்கே போகிற ஒரு சின்னப் பெண், செருப்பைக் கழற்றித் தன் விரலைக் காட்டினாள். "எனக்கும் நகச்சுத்துதான் சார். பஞ்சை நூல் மாதிரி திரிச்சு நகத்துக்கு அடியில வைக்கிறேன். நீங்க என்ன பண்றீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டாள். ஆரின் என்னைப் பார்த்தார். நான் உரித்துக்கொண்டிருந்த உருளைக்கிழங்கைப் பார்த்தேன்.

"நோண்டாதே, பாப்பா" என்றார். "நேரா வெட்டு. பெரிய ஷூவா வாங்கு. சீழ் வச்சா டாக்டர்கிட்ட போ, வெக்கப்படாதே."

அன்று ராத்திரி அவர் காலுறை இல்லாமல் படுத்தார்.

டாக்டரம்மா சரி என்று சொன்ன பிறகு, புது ஷூவோடு அவரையும் சைக்கிளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். கைக்குட்டை வெளுத்துப் போயிருந்தாலும் அதே கம்பியில்தான் இருந்தது. கோடும் இருந்தது. இறங்கி, போனில் இருந்த படத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். பத்தடி தள்ளியிருக்கிறது என்று சொன்னால் நன்றாகத் திட்டிவிடுவது என்று நானும் தயாராக நின்றேன்.

அவர் சைக்கிளில் ஏறவில்லை. கோட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"டெல்மர் திரும்பிப் போனான்மா."

"எங்க?"

"ஏறின எடத்துக்கு. மறுநாள் விடியக்காலைல. மத்தவங்க தூங்கிட்டிருந்தாங்க. ரெண்டு மைலு பின்னால போயி, அந்த ரெண்டு மைலையும் மிதிச்சுட்டு வந்தான். ஒத்தக்கால்லதான் மிதிச்சான், இன்னொன்னு சும்மா தொங்குச்சு. போனதையும் வந்ததையும் நான் கூடாரத்துலேர்ந்து பாத்தேன்."

"அப்ப அதுவரைக்கும் அவரு அங்குலம் விடாம ஓட்டினவருதானே?"

"ஆமா."

"அதை யார்கிட்டயாவது சொன்னியா?"

"முந்தின நாளுதான் எல்லார் முன்னாலயும் பொய்யன்னு கத்தியிருந்தேன். எப்படிச் சொல்றது?"

"அந்த ஆளு ஏன் தானே சொல்லலை?"

"நான் சொல்வேன்னு நின்னான். நான் முழிச்சிருந்தது அவனுக்குத் தெரியும். என்னைப் பாத்தான். நான் கூடாரத்தோட ஜிப்பை இழுத்து மூடிட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இத்தனை வருஷமாக உலகத்தையே முகர்ந்து முகர்ந்து பார்த்த மனிதன், நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டே முகர்ந்திருக்கிறான். "போய்யா, ஏறி மிதிச்சுட்டுப் போ, என் கண்ணு முன்னால நிக்காதே" என்றேன். எனக்கு அழுகையும் வந்தது, அந்த டெல்மரை நான் பார்த்ததுகூட இல்லை.

ஆரின் சைக்கிளைத் தூக்கித் திரும்பவும் என் வண்டியில் வைத்தார். முன்பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

"ஓட்டுங்க. மேற்கே ரெண்டு மைலு."

"உனக்கென்ன பைத்தியமா? மூணு வருஷமா இதுக்குத்தானே..."

"ஓட்டுங்கம்மா."

ஓட்டினேன். சாலையோர மைல் பலகை இரண்டாவது வந்ததும் நிறுத்தச் சொன்னார். இறங்கி, சைக்கிளை இறக்கி, ஷூ நாடாவைத் தளர்த்திக் கட்டிக்கொண்டார்.

"யாராவது கேட்டா, ஹால்டமன் ரெண்டு மைலு வண்டில போனான்னு சொல்லுங்க."

"எவன்யா கேக்கப்போறான்?"

"கேக்கலைன்னாலும் சொல்லுங்க."

மேற்கே மிதித்துக்கொண்டு போனார். கடலைப் பார்த்தாரா, டெல்மரைப் பார்த்தாரா, எனக்குத் தெரியாது. சாவி கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். டெல்மர் ஸ்டுக்கி போன வரைக்கும் ஒரு அங்குலம் விடாமல் மிதித்தவர் என்பதை முதலில் சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் ஆரினைப் பற்றிச் சொல்கிறேன்.